தண்டனையின் வலியைச் செலவுக் கணக்கில் எழுதலாமா?

பவானிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

2019 டிசம்பர் 6 அதிகாலையில் ஐதராபாத்துக்கு வெளியே நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது நினைவிருக்கும். கால்நடை மருத்துவரான ஒரு பெண்ணை வன்புணர்ந்து, கொன்று, எரித்த வழக்கில் கைதானவர்கள் அவர்கள். விடிந்ததும் கூட்டம் திரண்டு போலீஸார் மேல் பூத்தூவியது, இனிப்பு ஊட்டியது. எங்கள் அலுவலகத்திலும் அன்றைக்கு ஒரே கொண்டாட்டம். நான் முகம் சுளித்ததைப் பார்த்த நண்பர் ஒருவர், "பெந்தம் பெந்தம் என்று பேசுவாயே, அதிகம் பேருக்கு அதிக மகிழ்ச்சி என்பதுதானே உங்கள் வேதம்? நாலு பேர் போனார்கள், நாடே நிம்மதியாகத் தூங்குகிறது. உன் கணக்குப்படி இது நியாயம்தானே?" என்று மடக்கினார்.

ஆங்கிலத் தத்துவவாதி பெந்தமின் கட்சிக்குப் பயன்பாட்டுவாதம் என்று பெயர்; ஒரு செயலால் யாருக்கு எவ்வளவு இன்பம், எவ்வளவு வலி என்று கூட்டிக் கழித்துத்தான் சரி தவறு சொல்லும். அதன் மேல் வைக்கப்படும் பழைய குற்றச்சாட்டுதான் இது. 1957இல் மெக்ளாஸ்கி என்ற தத்துவப் பேராசிரியர் இதற்கு ஒரு கதை கட்டினார். அமெரிக்காவின் தென்பகுதியில் ஓர் ஊர். ஒரு குற்றத்தால் வெள்ளையர் கொதித்துப் போயிருக்கிறார்கள், கலவரம் வெடித்தால் கறுப்பர் பலர் சாவார்கள். யாராவது ஓர் அப்பாவியைப் பிடித்துக் குற்றத்தை அவன் தலையில் கட்டிவிட்டால் கலவரம் நின்றுவிடும் என்று ஊர்க் காவல் தலைவரான ஷெரீஃபுக்குத் தெரியும். கணக்குப் பார்ப்பவர் அந்த அப்பாவியைத் தூக்கில் போடத்தானே வேண்டும் என்று கேட்டார் மெக்ளாஸ்கி.

என் பதில் இது. குற்றவாளியின் வலியையும் வலி என்று எழுதிவைத்த முதல் கணக்கு பயன்பாட்டுவாதிகளுடையது. பெந்தம் 1789இல் வெளியிட்ட நூலில், எல்லாத் தண்டனையும் தன்னளவில் தீமைதான், அதைவிடப் பெரிய தீமையைத் தடுக்குமென்றால் மட்டுமே அதை அனுமதிக்கலாம் என்று சொல்கிறார். தண்டிக்கவே கூடாத நான்கு நிலைமைகளையும் வரிசைப்படுத்துகிறார்: அடிப்படை இல்லாதபோது, பலிக்காதபோது, பலனைவிடச் செலவு மிஞ்சும்போது, வேறு வழியில் அதே காரியம் நடக்கும்போது.

பூத்தூவிய கூட்டத்தின் சந்தோஷத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. பழிவாங்கும் இன்பமும் இன்பம்தான், கணக்கில் சேரும் என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் அதற்காக மட்டும் யாரையும் தண்டிக்கக் கூடாது, தண்டனை தரும் வலிக்கு அந்த இன்பம் ஒருபோதும் ஈடாகாது என்கிறார். நண்பருக்கு அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

பெந்தம் வாழ்ந்த இங்கிலாந்தில் 200க்கும் மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்கு இருந்தது. வீட்டுக்குள் புகுந்து 40 ஷில்லிங் பெறுமான பொருளைத் திருடினால் தூக்கு. ஜூரிகள் மனசு கேட்காமல், களவு போனது 39 ஷில்லிங்தான் என்று தெரிந்தே பொய்யாக மதிப்புப் போட்டார்கள். 1830இல் வங்கியாளர்களே நாடாளுமன்றத்துக்கு மனு கொடுத்தார்கள், கள்ளக் கையெழுத்துக்குத் தூக்கை எடுத்துவிடுங்கள் என்று. அவர்களுக்கு இரக்கம் பொங்கிவிடவில்லை. தூக்கு என்றால் ஜூரி விடுதலை செய்துவிடுகிறது, மோசடிக்காரன் தப்பிக்கிறான் என்பதுதான் அவர்கள் கவலை. தண்டனை கொடூரமாக இருப்பதைவிட நிச்சயமாக இருப்பதுதான் குற்றத்தைத் தடுக்கும் என்று மிலானில் இருந்த சட்டச் சிந்தனையாளர் பெக்காரியா 1764லேயே எழுதியிருந்தார்.

எதிர்த்தரப்பில் ஜெர்மன் தத்துவவாதி காண்ட். பலனைப் பார்க்காமல், செய்த குற்றத்துக்காகவே தண்டிக்க வேண்டும் என்பவர். ஒரு தீவு மக்கள் எல்லோரும் சமூகத்தைக் கலைத்துவிட்டு உலகெங்கும் பிரிந்து போவதாக முடிவெடுத்தாலும், சிறையில் இருக்கும் கடைசிக் கொலைகாரனைத் தூக்கில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்கிறார். அதனால் இனி யாருக்கும் ஒரு நன்மையும் இல்லை, ஆனாலும் கொல்ல வேண்டும். இதில் எது மனிதத்தன்மை உள்ள பேச்சு, சொல்லுங்கள்.

செங்கோல்

கொன்றவன் வலியையும் செத்தவள் வலியையும் ஒரே தராசில் வைக்கிறீர்களே, அதுவே அநியாயம். அவன் வலி கணக்கிலேயே வரக்கூடாது. வள்ளுவரே சொல்லிவிட்டார்: "கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்." களையைப் பிடுங்கும்போது களைக்கு வலிக்குமா என்று யாராவது கேட்பார்களா?

நார்வேயில் 2011இல் 77 பேரைக் கொன்ற பிரெய்விக்குக்கு 21 வருடம். போதாததற்கு, சிறையில் தன்னைத் தனியாக வைத்திருப்பது மனித உரிமை மீறல் என்று அரசாங்கத்தின் மேலேயே கேஸ் போட்டான். உங்கள் கணக்கு கடைசியில் கொண்டுபோய் விடுவது அங்கேதான்.

டீக்கடை பெஞ்ச்

காண்ட் தீவில் கடைசி ஆளைத் தூக்கில் போடும் ஆளுக்குப் படகு காத்திருக்குமா? சும்மா கேட்டேன். தொடருங்கள்.

கோர்ட் வாசல்

செங்கோல் அண்ணே, நீங்கள் எடுத்த குறளே உங்களுக்கு எதிராக நிற்கிறது. களை எடுப்பவனுக்குக் களைமேல் கோபம் கிடையாது. அது செய்த தப்புக்குப் பதில் கொடுக்கவும் அவன் பிடுங்கவில்லை, பயிர் பிழைக்கட்டும் என்றுதான் பிடுங்குகிறான். பவானிக்கரை சொல்லும் கட்சியும் அதேதான். இன்னும் கொஞ்சம் தள்ளி 562இல் "கடிதோச்சி மெல்ல எறிக" என்கிறார். ஓங்கும்போது பலமாக ஓங்கு, அடி மெதுவாக விழட்டும். பெந்தமும் தண்டனையை இப்படித்தான் இரண்டாகப் பிரிப்பார். பார்ப்பவருக்குத் தெரிகிற தண்டனை ஒன்று, படுகிறவனுக்கு உண்மையில் வலிக்கிற தண்டனை இன்னொன்று. அச்சம் கொடுப்பது முதலாவது. இரண்டாவது வெறும் செலவு, முடிந்தவரை குறைக்கப் பார் என்பார்.

இந்தியாவில் வக்கீலாக இருக்கிறவனுக்கு இது வெறும் தத்துவம் கிடையாது. 1862 முதல் 2024 ஜூன் வரை நாம் எடுத்து வாதாடிய இந்திய தண்டனைச் சட்டத்தின் வரைவை 1837இல் முடித்தது மெக்காலே தலைமையிலான ஆணையம். பெந்தமின் செல்வாக்கு அதில் அப்பட்டமாகத் தெரியும். மரண தண்டனையை அவர்கள் கொலைக்கும், அரசுக்கு எதிரான மிகப் பெரிய குற்றத்துக்கும் மட்டும் என்று சுருக்கினார்கள். கொள்ளைக்காரனுக்கும் வன்புணர்ந்தவனுக்கும் ஏன் தூக்கு வேண்டாம் என்று குறிப்பும் எழுதினார்கள். அந்தக் குற்றங்களுக்கும் கொலைக்கும் ஒரே தண்டனை என்றால், உயிரோடு விட்டால் சாட்சி சொல்லக்கூடிய ஆளைக் கொன்றுவிடுவதால் குற்றவாளிக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. உயிருக்கு இருக்கும் பாதுகாப்பு அங்கே குறைகிறது.

2018இல் 12 வயதுக்கு உட்பட்ட சிறுமியை வன்புணர்ந்தால் தூக்குவரை தரலாம் என்று சட்டம் வந்தது. அதற்கு எதிராக வைக்கப்பட்ட முக்கியமான வாதம் 1837இன் அதே வாதம்தான். அதோடு இன்னொன்றும் உண்டு. இந்தக் குற்றங்களைச் செய்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர்கள். சித்தப்பாவோ பக்கத்து வீட்டுக்காரரோ தூக்கில் தொங்குவார் என்றால் அந்தக் குடும்பம் புகார் கொடுக்குமா? போக்சோ வழக்கில் தாத்தா பாட்டியே வந்து குழந்தையைப் பிறழ்சாட்சி ஆக்குவதை நான் பார்த்திருக்கிறேன். டெல்லி நிர்பயா வழக்குக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி வர்மா குழு 2013இல் வன்புணர்வுக்குத் தூக்கைப் பரிந்துரைக்கவில்லை. கேட்டது யார்?

ஐதராபாத் விஷயத்துக்கும் ஒரு பின்கதை உண்டு. உச்ச நீதிமன்றம் நியமித்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022 மே மாதம் வெளியானது. கொல்லும் நோக்கத்தோடே சுட்டிருக்கிறார்கள், 10 போலீஸார் மேல் கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றது. சுடப்பட்டவர்களில் மூவருக்கு அப்போது 18 வயதே நிரம்பவில்லை என்றும் சொன்னது. அவர்கள் குற்றவாளிகள்தானா என்பதை இனி எந்த நீதிமன்றமும் முடிவு செய்யப் போவதில்லை.

இரண்டாம் வாசிப்பு

பவானிக்கரை பெந்தமின் நல்ல பக்கத்தை மட்டும் காட்டியிருக்கிறார். பலன் தரும் என்றால் வலிக்கு மேல்வரம்பு எது? பழிக்குப் பழி என்பவன்கூட 'செய்த அளவுக்குத்தான்' என்று ஒரு கோடு போடுகிறான். உங்கள் கட்சியில் அந்தக் கோடு எங்கே?

பிரெய்விக்கை உதாரணம் காட்டி நார்வே இளகிய நாடு என்கிறார் செங்கோல். அந்த 21 வருடத் தடுப்புக் காவல், ஆள் இன்னும் ஆபத்தானவன் என்று நீதிமன்றம் கருதினால் மறுபடி மறுபடி நீட்டக்கூடியது. அவன் செய்ததற்கான தண்டனை முடிந்த பிறகும், இனி செய்யக்கூடியதற்காக உள்ளே வைக்கலாம். அவன் விஷயத்தில் நமக்கு உறுத்தாது. அதே தர்க்கத்தை நம் ஊருக்குக் கொண்டு வாருங்கள். தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டம், நாம் குண்டர் சட்டம் என்கிறோமே அது. விசாரணை கிடையாது, தீர்ப்பு கிடையாது, 12 மாதம்வரை உள்ளே. செய்த குற்றத்துக்காக இல்லை, செய்துவிடுவான் என்பதற்காக. எதிர்கால நன்மையை மட்டும் பார்க்கும் நீதி கலப்படம் இல்லாமல் எப்படி இருக்கும் என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

ஷெரீஃப் கதைக்கு அமெரிக்கத் தத்துவவாதி ரால்ஸ் 1955லேயே ஒரு பதில் வைத்திருந்தார் என்று சொல்வார்கள். தேவைப்பட்டால் அப்பாவியையும் ரகசியமாகத் தண்டிக்கலாம் என்ற அதிகாரத்தை ஒரு நிறுவனத்துக்கே கொடுத்துப் பாருங்கள், அடுத்த ஆள் நானா என்று எல்லோரும் பயந்து சாவார்கள், கணக்கு தோற்றுவிடும் என்பது அந்தப் பதில். அழகான வாதம். ஆனால் அந்த நிறுவனம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது, என்கவுன்டர் என்று அதற்குப் பெயர், மக்கள் பயப்படாமல் பூத்தூவுகிறார்கள். ஏனென்றால் அடுத்து நானா என்று பயப்பட வேண்டியவர்கள் வேறு, பூத்தூவுகிறவர்கள் வேறு. பயம் எல்லோருக்கும் சமமாகப் பங்கு போகும் என்ற ஊகத்தில்தான் ரால்ஸின் கணக்கு நிற்கிறது. சாதியும் சேரியும் லாரி கிளீனர் வேலையும் உள்ள நாட்டில் அது பங்கு போகாது.

அப்புறம், இந்தத் தராசு ஆளுக்கு ஆள் வேறு எடை காட்டுகிறது. சாவைவிட ஆயுள் முழுக்க அடிமை வேலைதான் அதிக அச்சம் தரும், அதனால் தூக்கு வேண்டாம் என்றார் பெக்காரியா. 1868இல் ஜான் ஸ்டூவர்ட் மில் நாடாளுமன்றத்தில் எழுந்து, ஆயுள் முழுக்கக் கடும் உழைப்புதான் உண்மையில் கொடுமை, தூக்கு பார்க்கத்தான் பயங்கரம், அதனால் கொலைக்குத் தூக்கே இருக்கட்டும் என்றார். கடைசிக் காலத்தில் பெந்தம் தூக்கே கூடாது என்றார். மூன்று பேரும் ஒரே கட்சி. வர வேண்டிய விடையை முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் இவர்கள் வலியை அளக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

முல்லை

என் சித்தப்பாவை வரப்புத் தகராறில் வெட்டிக் கொன்றார்கள். ஊரும் வருடமும் வேண்டாம். வழக்கு முடியும்வரை நான் சித்தியோடு கோர்ட்டுக்குப் போயிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

மற்றவர்கள் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று சித்தி ஒரு நாளும் சொன்னதில்லை. ஊரில் குற்றம் குறைகிறதா கூடுகிறதா என்பது அவளுக்கு எதற்கு? அவன் துடிக்க வேண்டும் என்று ஆரம்பத்தில் சொன்னாள், பிறகு அதையும் விட்டுவிட்டாள். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில், முதலில் கையை ஓங்கியது சித்தப்பாதான் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அதுதான் அவளைத் தின்றது. நடந்தது கொலை, செத்தவர் மேல் தப்பில்லை என்று யாராவது அதிகாரத்தில் இருப்பவர் உரக்கச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. தீர்ப்பில் அந்த வரி வந்தது. ஆயுள் தண்டனை என்று வாசித்ததை அவள் சரியாகக் கேட்கக்கூட இல்லை.

பவானிக்கரை, பெந்தமின் பட்டியலில் இது எந்த வரிசையில் வரும்? எங்களுடையதைப் பழிவாங்கும் இன்பம் என்று எழுதி, வலிக்கு ஈடாகாது என்று அடித்துவிடுவாரா? அப்படியானால் அவருக்கு எங்களைப் புரியவில்லை. செங்கோல், நீங்களும் எங்களுக்காகக் கோபப்படுவதாக நினைக்கிறீர்கள். என்கவுன்டரில் அவனைக் கொன்றிருந்தால் சித்திக்கு அந்த வரி கிடைத்திருக்காது.

செங்கோல்

தங்கச்சி, உங்கள் சித்திக்கு நீதி கிடைத்தது, சந்தோஷம். கிடைக்காதவர்கள்தான் அதிகம். 20 வருடம் வாய்தா வாங்கி, சாட்சி செத்து, கடைசியில் விடுதலை. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஜனங்கள் பூத்தூவுகிறார்கள். கோர்ட் ஒழுங்காக நடந்தால் யாருக்கு என்கவுன்டர் வேண்டும்?

பவானிக்கரை

செங்கோல் சொன்னதில் கடைசி வரியை அப்படியே ஏற்கிறேன். தண்டனை நிச்சயமாகக் கிடைக்காத இடத்தில்தான் கொடூரத்துக்குக் கிராக்கி கூடுகிறது. 39 ஷில்லிங் ஜூரிகள் காலத்திலும் அதுதான் நோய்.

முல்லை, உங்கள் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லப் பார்க்கிறேன். சித்திக்கு வேண்டியிருந்தது அவன் வலி இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது பழிவாங்கும் இன்பம் என்ற கட்டத்தில் வராது. உண்மை பொது இடத்தில் நிலைநாட்டப்படுவது ஒரு நன்மை, அதற்கு யார் வலியும் தேவையில்லை. விசாரணை பகிரங்கமாக நடப்பதுதான் நீதியின் உயிர் என்று பெந்தம் விடாமல் வற்புறுத்தியிருக்கிறார். தீர்ப்பில் அந்த வரி வர வேண்டும், அதை ஊர் கேட்க வேண்டும் என்பதில் அவர் உங்கள் பக்கம்.

இரண்டாம் வாசிப்புக்கு: குண்டர் சட்டம் என் கட்சியின் பிள்ளை என்று சொல்ல முடியாது. தடுப்புக் காவலில் வைக்கப்படுகிறவனின் வலியை யாரும் அங்கே எழுதிப் பார்ப்பதே இல்லையே. ஒரு பக்கம் மட்டும் எழுதியதைக் கணக்கு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இரண்டாம் வாசிப்பு

பகிரங்கம் என்றதும் சிட்ஜ்விக்கை மறந்துவிட்டீர்கள். 1874இல் அவர் எழுதியதைப் பாருங்கள். வெளிப்படையாகச் செய்தால் தப்பாகிவிடும் காரியத்தை, யாருக்கும் தெரியாமல் செய்ய முடியுமானால் செய்வது சரியாகக்கூட இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டவர் அவர். பயன்பாட்டுவாதிகளில் மிக நேர்மையானவர் என்று அவரைத்தான் சொல்வேன். பகிரங்கம் நன்மை தரும்வரைதான் உங்களுக்குப் பகிரங்கம் வேண்டும். நன்மை தராத நாளில், அதிகாலை இருட்டில் நான்கு பேரை ஆளில்லாத இடத்துக்குக் கூட்டிப்போகிற போலீஸ்காரரைத் தடுக்க உங்களிடம் என்ன இருக்கிறது? 'கூடாது' என்ற சொல் இல்லை. 'கட்டுப்படியாகாது' என்பதுதான் இருக்கிறது.

பவானிக்கரை

இருக்கிறது என்று நினைக்கிறேன். தான் ரகசியமாக நன்மை செய்வதாக நம்பும் அதிகாரி கணக்கில் தப்புப் பண்ணுவார் என்பது 200 வருட அனுபவம். அதனால்தான் கணக்குப் போடும் வேலையை அவரிடம் கொடுக்கக் கூடாது என்கிறோம். ஆனால் உங்களுக்கு இது போதாது என்று தெரியும். தப்பே பண்ணாத அதிகாரி இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். அப்படி ஒருவரைக் காட்டினால் யோசிக்கிறேன்.

கோர்ட் வாசல்

இருவருக்கும் ஒன்று சொல்கிறேன். வலியை நீதிமன்றம் உண்மையிலேயே எடைபோட்ட இடம் ஒன்று உண்டு. 1983இல் வாதீஸ்வரன் என்பவருக்கும் தமிழ்நாடு அரசுக்கும் நடந்த வழக்கு. தூக்குத் தண்டனை விதித்த பிறகு நிறைவேற்ற இரண்டு வருடத்துக்கு மேல் தாமதமானால் அதையே காரணமாக வைத்து ஆயுளாகக் குறைக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். தினமும் சாவை எதிர்பார்த்துக் கிடப்பது தீர்ப்பில் எழுதாத இன்னொரு தண்டனை என்பதுதான் உள்ளே இருந்த எண்ணம். 1989இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்த இரண்டு வருடக் கெடுவை எடுத்துவிட்டது. ஆனால் எண்ணம் சாகவில்லை. 2014 ஜனவரியில் கருணை மனுவை வருடக்கணக்கில் இழுத்தடித்த காரணத்துக்காக 15 பேரின் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. பாலாறு கண்ணிவெடி வழக்கில் வீரப்பன் கூட்டாளிகள் என்று தண்டிக்கப்பட்ட நான்கு பேரும் அதில் உண்டு. அடுத்த மாதமே பேரறிவாளன், சாந்தன், முருகன் மூவருக்கும் அதே காரணம் பொருந்தியது.

இதில் யாரும் குற்றத்தைச் சின்னதாக்கவில்லை. குற்றவாளியின் வலியும் எழுதப்பட்டது, தண்டனைக்கு மேல்வரம்பும் போடப்பட்டது. காண்ட் கேட்ட கோடும் பெந்தம் கேட்ட கணக்கும் ஒரே தீர்ப்பில் வந்துவிட்டன. தத்துவக்காரர்கள் இதை எந்த அலமாரியில் வைப்பார்களோ தெரியாது.

எனக்கு இந்த இழையில் ஒரு குறை. முழுக்கத் தூக்கைப் பற்றியே பேசுகிறோம். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு விசாரணைக் கைதிகள். தீர்ப்பே வராதவர்கள். பைக் திருட்டில் ரிமாண்ட் ஆகி, ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளேயே கிடக்கிற பையனின் வலி எந்தக் கணக்கிலும் இல்லை. தண்டனை என்று அதற்குப் பெயரே இல்லாததால் தண்டனைக் கோட்பாடு எதுவும் அதைப் பார்ப்பதில்லை.

இரண்டாம் வாசிப்பு

இதைச் சொல்ல பெந்தம் தேவையில்லை வக்கீல் சார். குற்றம் நிரூபிக்கப்படாதவனை உள்ளே வைப்பது அவனுக்குச் செய்யும் அநியாயம். எத்தனை பேர், எத்தனை நாள் என்று கூட்டிப் பார்க்காமலே தப்பு.

பவானிக்கரை

தப்பு என்று எல்லோருக்கும் தெரிந்தும் நடக்கிறதே. கூட்டிப் பார்த்தால்தான் எவ்வளவு பெரிய தப்பு, எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று தெரியும். தூக்கு மேடைக்குச் செலவழிக்கிற கோபத்தில் பாதியை ரிமாண்ட் பக்கம் திருப்பினால் நாட்டில் குறைகிற வேதனை அதிகம். என் கட்சி சொல்வது அவ்வளவுதான்.

காவிரிப்பாக்கம்

வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வக்கீல் சார், எங்கள் தெருப் பையன் ஒருவன் திருட்டு வழக்கில் ஒரு வருடத்துக்கு மேலாக உள்ளே இருக்கிறான். முதல் வழக்கு. இப்படிப்பட்டவர்களை விடுவிக்கப் புதுச் சட்டத்தில் வழி இருக்கிறதாமே, யாரிடம் போக வேண்டும்?

கோர்ட் வாசல்

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு. இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர், சாட்டப்பட்ட குற்றத்துக்குரிய அதிகபட்ச தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதி. தூக்கோ ஆயுளோ விதிக்கக்கூடிய குற்றங்களுக்குப் பொருந்தாது. வேறு வழக்குகளும் நிலுவையில் இருந்தால் சிக்கல். காலம் முடிந்ததும் சிறைக் கண்காணிப்பாளரே நீதிமன்றத்துக்கு எழுத வேண்டும் என்று பிரிவிலேயே இருக்கிறது. எழுதவில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். சிறையில் இருப்பவருக்கு வக்கீல் இலவசம். எந்தப் பிரிவில் வழக்கு, எந்தத் தேதியில் ரிமாண்ட் என்று மட்டும் எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள், பையன் பெயரை இங்கே போட வேண்டாம்.